எல்லோருக்கும் ஒரே பை

உங்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு வருவதற்கு முன் பயிற்சிக்காக ஓர் ஆன்லைன் கடை செய்து பார்த்திருப்பீர்கள். நேர்காணலில் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் அப்படி நிறையக் கடைகளைப் பார்த்திருக்கிறேன். செருப்புக் கடை, செல்போன் கடை, பூச்செடிக் கடை. ஒருவரும் வந்து வாங்காத கடைகள். அவற்றைத் திறந்து காட்டும்போது உங்கள் முகத்தில் ஒரு கூச்சம் வரும். "சும்மா கத்துக்கறதுக்காகப் பண்ணினது மேடம்" என்பீர்கள். நானும் அப்படி ஒரு கடையிலிருந்து வந்தவள்தான். என்ன, நாங்கள் கற்று முடிப்பதற்குள் ஒரு கம்பெனியே திரண்டு வந்து எங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றுவிட்டது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் மங்கலம் சாலையில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. அதன் ஆபீசில் நான் பேக்கிங் லிஸ்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர்கள் நாங்கள். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் எக்செல் தெரியும், பிரிண்ட் எடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கம்பெனியும் முதலாளியின் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. அந்த வீட்டு மருமகள் கோகிலா. கோவையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். ஒருநாள் மத்தியானம், தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"மேரியக்கா, மத்தியானத்துல உங்க கம்ப்யூட்டர் சும்மாதானுங்க இருக்குது?"

"ஆமாம்மா. ஏன், எதும் டைப் பண்ணணுமா?"

"வெப்சைட் பண்ணக் கத்துக்கோணுங்க. ஊட்ல தனியா உக்காந்து படிச்சா தூக்கம் வருதுங்கக்கா. நீங்களும் கூட உக்காருங்க."

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"உங்களுக்குத்தான் டைப்பிங் வேகமா வருதுங்களே. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

இப்படித்தான் நான் புரோகிராமர் ஆனேன். முதல் இரண்டு வாரம் என்ன அடிக்கிறோம் என்றே எனக்குத் தெரியாது. அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாள், நான் அடிப்பேன், எங்கோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைத் தேடுவோம். தேடித் தேடித்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. பிறகு நானே கேள்வி கேட்கத் தொடங்கினேன். அதன்பின் அவள் சொல்வதற்கு முன்பே அடிக்கத் தொடங்கினேன்.

புத்தகத்தில் உதாரணமாக இருந்தது ஆங்கிலப் புத்தகக் கடை. எங்களிடம் ஏது ஆங்கிலப் புத்தகம்? கம்பெனியில் குழந்தைகள் உடுப்புதான் மலைபோல் கிடந்தது. சாம்பிள் கவுன் ஒன்றைச் செக்கிங் மேஜையில் விரித்து, வெளிநாட்டில் வாங்குகிற பையர்களுக்குப் படம் அனுப்புவதற்காக வைத்திருந்த டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்தோம். அந்தக் கவுன் முதல்முதலாகத் திரையில் தன் பெயரோடும் சைஸோடும் வந்து நின்றபோது கோகிலா கை தட்டிவிட்டாள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வரை அந்தப் பக்கத்தை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் கவுன் வந்தது.

கற்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வருகிற ஆசை எங்களுக்கும் வந்தது. இதை யாராவது பயன்படுத்த வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உடுப்பு கொடுப்பது வழக்கம். ஆர்டருக்கு மேல் தைத்து நின்றுபோன நல்ல பீஸ்களைக் குவித்து வைத்து, பூஜை முடிந்ததும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டு வயது சைஸ் போகும், பையனுக்குக் கவுன் போகும். கேட்டுக்கு வெளியே நின்று அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்கள். அந்த வருஷம் அவரவர் உடுப்பை அவரவரே எங்கள் கடையில் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது கோகிலாவின் யோசனை. காசு வாங்க வேண்டியதில்லை என்பதால் கடையிலேயே கஷ்டமான பாகமும் குறைந்துவிடும். மாமனாரிடம் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முதலாளி அதிர்ந்து பேசாதவர். முழுவதும் கேட்டார்.

"கூட்டம் கூடி நிக்கறப்ப அது பாதியில நின்னுபோச்சுன்னா என்ன கண்ணு பண்ணுவே?"

"நிக்காதுங்க மாமா."

"மிசினே நிக்குது."

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். "நின்னா நான் பாத்துக்கறேனுங்க. ஆனா நல்லபடியா நடந்துச்சுன்னா எனக்கு ஒன்னு வேணுங்க. அந்தப் பழைய சாம்பிள் ரூமு. நானும் மேரியக்காளும் அங்க உக்காந்து இதையே வேலையாச் செய்யறமுங்க."

வீட்டு மருமகள் கம்பெனிக்குள் வந்து தினமும் வேலை பார்ப்பது அந்த வீட்டில் அதுவரை இல்லாத வழக்கம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பூஜை நல்லபடியா முடியட்டும் கண்ணு" என்றார். நானும் பேக்கிங் லிஸ்ட்டை விட்டு எங்கோ போகப்போகிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்ததும், "என்னையக் கேக்காமலே என்னைய சேத்துட்டியேம்மா" என்றேன். "கேட்டா வேண்டாம்பீங்க" என்றாள்.

அடுத்த நாட்களில் நாங்கள் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தொழிலாளர்கள் படிக்க வேண்டுமென்றால் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்தால் பாதி இடத்தில் கட்டம் கட்டமாக வரும். அதனால் ஒவ்வொரு பொத்தானையும் கம்ப்யூட்டரில் இருந்த பெயிண்ட் புரோகிராமில் படமாக வரைந்தோம். என்ன பெயர் வைப்பது என்று பெரிய வாக்குவாதம். நான் 'கூடையில் சேர்' என்றேன். "கூடைன்னா தக்காளி வாங்கற மாதிரி இருக்குதுங்கக்கா" என்றாள் கோகிலா. கடைசியில் 'பையில் போடு' என்று முடிவாயிற்று. ஒருவர் கம்பெனியில் தனக்குக் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பரை அடித்தால் பெயரும் பிள்ளைகள் விவரமும் வரும். பிள்ளைகள் உள்ளவருக்குப் பிள்ளைகள் உடுப்பு, இல்லாதவருக்குப் பெரியவர்கள் டி-சர்ட் மட்டும். ஆளைப் பார்த்துக் கடை தானாக மாறுகிறது என்பதில் கோகிலாவுக்குத் தனிப் பெருமை. எடுத்து முடித்து 'முடிந்தது' என்று அழுத்தினால் பேக்கிங் பிரிவில் சீட்டு பிரிண்டாகி வரும். அங்கிருக்கும் பெண்கள் சீட்டைப் பார்த்து உடுப்பை எடுத்துப் பையில் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எத்தனையோ தடவை செய்து பார்த்தோம். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷின்களெல்லாம் துடைத்துச் சந்தனம் வைத்து மினுமினுத்தன. பேக்கிங் ஹாலில் என் மேஜையையும் கொண்டுவந்து போட்டு, என் கம்ப்யூட்டரோடு சேர்த்து மூன்று கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தோம். அவற்றுக்கும் யாரோ பொட்டு வைத்து, மானிட்டரில் சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். 'பையில் போடு' பொத்தானைப் பார்க்க மாலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் புதுச் சேலை, புதுச் சட்டையில் வந்து கூடினார்கள். முதலில் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒரு அயர்ன் மாஸ்டர் துணிந்து உட்கார்ந்தார். பையனுக்கு டவுசர் எடுத்தார், சீட்டு வந்தது, பை வந்தது, சைஸ் சரியாக இருந்தது. ஹாலே கை தட்டியது. அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். தயக்கம் தீர்ந்து மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் ஆள் உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் பேக்கிங் மேஜையிலிருந்து ஒரு பெண் சத்தமாகக் கூப்பிட்டாள். "இசக்கிமுத்து அண்ணா! வந்து ரெண்டு கையிலயும் வாங்கிக்குங்க!"

இசக்கிமுத்து கட்டிங் பிரிவில் இருந்தவன். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆகாதவன். பையை வாங்கி உள்ளே கை விட்டான். மஞ்சள் கவுன் ஒன்று வந்தது. சிவப்புக் கவுன் ஒன்று வந்தது. பையன் டவுசர் ஒன்று. வாத்துப் படம் போட்ட கைக்குழந்தைச் சட்டை ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அவனுடைய டி-சர்ட்.

"யக்கா, நா ஒரு டி-சர்ட்டுதாம்க்கா அமுக்குனேன்! இதெல்லாம் எங்கருந்து வந்துச்சு?"

"ஏப்பா, ஊர்ல குடும்பத்த வெச்சிக்கிட்டு எங்ககிட்டச் சொல்லவே இல்ல?" என்று யாரோ கேட்க, ஹால் முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு குரல். தையல் பிரிவு ஜோதிமணி, காலியான பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, என்ற பையில ஒன்னுமே இல்லீங்களே. பாப்பாளுக்கு மஞ்சக் கவுனு ஆசையா எடுத்தனுங்க."

கோகிலாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் ஓடி வந்து என் கம்ப்யூட்டர் முன் மண்டி போட்டு உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, பை யாருதுன்னு நாம எங்கயுமே எழுதல. மொத்தக் கடைக்கும் ஒரே பை. மூணு பேரும் அதுலயேதான் போடறாங்க. எவிங்க மொதல்ல 'முடிந்தது' அமுக்கறாங்களோ, அவிங்களுக்கே மொத்தமும் போயிருது."

அதுதான் நடந்திருந்தது. ஜோதிமணி எடுத்த கவுன் இசக்கிமுத்து பையோடு போய்விட்டது. அவள் அழுத்தும்போது பை காலி. நாங்கள் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஆளாக உட்கார்ந்து சோதித்தவரை இது எப்படித் தெரியும்?

"எத்தன எடத்துல மாத்தணும்?" என்றேன்.

"ஆறேழு எடம் இருக்குமுங்க. இருங்க, இப்பவே மாத்திப்போடறேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வரிசை கதவைத் தாண்டி நின்றது. நெற்றியில் விபூதியோடு முதலாளி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு இடத்தில் கை வைத்து, ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திரை வெள்ளையாகிவிடும்.

"வேண்டாம்மா. நிப்பாட்டிருவோம். பழையபடி கையாலயே எடுத்துக் குடுத்துருவோம்."

"நிப்பாட்டுனா அவ்வளவுதானுங்கக்கா! அப்பறம் மாமா இதத் தொடவே விடமாட்டாங்க."

அவள் விரல் கீபோர்டில் இருந்தது. என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. இந்த இடத்தை நீங்களும் ஒருநாள் அடைவீர்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே சரிசெய்யத் துடிப்பார், உங்களுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓடத் தோன்றும், அல்லது நேர்மாறாக. இரண்டுமே பயத்தில் வருகிற வேகம்தான். எங்கள் இருவரையும் காப்பாற்றியது கோகிலா கேட்ட ஒரு கேள்வி. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தான வந்துச்சு?"

"வந்துச்சு."

"நேத்து ஆரு ஆரு வாங்குனாங்க?"

"நாமதான். இந்த ஒத்தக் கம்ப்யூட்டர்ல..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. ஒரே பைதான் இருக்கிறதென்றால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வாங்கினால் போதும். கடை சரியாகத்தான் நடக்கும். புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு கம்ப்யூட்டரை அணைத்தோம்.

அணைத்தால் போதுமா? ஏற்கெனவே பை வாங்கிப் போனவர்கள்? கோகிலா ஒரு அட்டைப் பெட்டிக் கட்டின் மேல் ஏறி நின்றாள். முதலாளி வீட்டு மருமகள் அப்படி ஏறி நின்றதும் ஹால் தானாக அமைதியாயிற்று.

"எல்லாரும் செத்த நேரம் கேளுங்க. கம்ப்யூட்டருக்குள்ள பை ஒன்னே ஒன்னுதான் இருக்குது. அத மூணு பேருக்கும் ஒட்டுக்காக் குடுத்துப்போட்டேன். தப்பு எங்களுதுங்க, கம்ப்யூட்டருது இல்ல. இனி ஒவ்வொருத்தரா வாங்க. பை வாங்குனவிங்க பிரிச்சுப் பாருங்க. வேற ஆரோடதாவது வந்திருந்தா மேரியக்காகிட்டக் குடுங்க. ஒருத்தருக்கும் இல்லாமப் போகாது."

"அப்ப இசக்கி பையத்தான் மொதல்ல பிரிக்கோணும்!" என்று ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பாதிப் பதற்றம் கரைந்துவிட்டது. பிறகு நான் எத்தனையோ பெரிய இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஏதாவது பழுதானால் வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். எனக்கு அந்த அட்டைப் பெட்டிதான் ஞாபகம் வரும். என்ன ஆயிற்று, இனி என்ன செய்வோம், உங்கள் பொருள் உங்களுக்கு எப்படி வரும். அவள் இவ்வளவுதான் சொன்னாள். ஜனங்கள் வேறொன்றும் கேட்கவில்லை.

பைகளை மேஜையில் கொட்டிப் பிரித்தோம். ஜோதிமணிக்கு மஞ்சள் கவுன் கிடைத்தது. அங்கேயே அதைத் தூக்கிப் பிடித்து மகளின் உயரத்துக்கு அளவு பார்த்துக்கொண்டாள். வரிசை நகரத் தொடங்கியது. மெதுவாகத்தான். ஆனால் யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் எடுக்கும்போது பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சை வேண்டாமுங்க, கரும்பச்சை எடுங்க" என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று கம்ப்யூட்டர் ஓடியிருந்தால் இந்தக் கச்சேரி நடந்திருக்காது.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த இசக்கிமுத்து மட்டும் போகாமல் என் மேஜை ஓரத்திலேயே நின்றான். கையில் அந்த வாத்துப் படச் சட்டை.

"என்னடே, அத மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்க?"

"யக்கா, இத மட்டும் நா வச்சுக்கிடட்டா? தங்கச்சிக்குப் பிள்ள பொறந்துருக்கு. சாயங்கால வண்டிக்குப் பாக்கப் போறேன். கையில ஒண்ணுமில்லாமப் போறமேன்னு இருந்துச்சு."

"அப்போ முதல்லயே அதப் போட்டிருக்கலாம்லா?"

"எனக்கு டி-சர்ட்டுதானக்கா காட்டுச்சு. பிள்ளையுடுப்பு வரவே இல்லையே."

பக்கத்தில் நின்ற கோகிலா இதைக் கேட்டாள். ஆளைப் பார்த்துத் தானாக மாறும் கடை என்று அவள் பெருமைப்பட்ட இடம் அதுதான். கல்யாணம் ஆகாதவனுக்குப் பிள்ளை உடுப்பு எதற்கு என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். தங்கை பிள்ளை என்றொன்று உலகத்தில் இருப்பது எங்கள் புரோகிராமுக்குத் தெரியாது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த பெண்கள் பாதிப் பேர் தம்பி தங்கைகளை ஊரில் விட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் டி-சர்ட் மட்டும்தான் காட்டியிருந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருந்தார்கள்.

"தாராளமா எடுத்துக்குங்க. அத எடுத்தவிங்களுக்கு வேற குடுத்துக்கலாமுங்க" என்று இசக்கிமுத்துவிடம் சொன்னவள், என் பக்கம் திரும்பி, "அது ஒரே ஒரு வரிதானுங்கக்கா. எடுத்துரட்டா?" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வரிசை இன்னும் நின்றுகொண்டுதானே இருந்தது. வரியைத் தொடாமல், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஸ்கெட்ச் பேனாவால் எழுதி என் மேஜை முன் ஒட்டினாள்: 'வேறு யாருக்கு வேண்டுமென்றாலும் மேரியக்காவிடம் சொல்லவும்.'

எங்கள் கடையின் இரண்டாவது வெர்ஷன் அந்தத் தாள்தான். ஒட்டிய சிறிது நேரத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். அண்ணன் மகனுக்கு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு, வரப்போகிற பிள்ளைக்கு. பீகாரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் தன் தங்கையின் உயரத்தைத் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினான். குவியல் கரைந்துகொண்டே வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று உடுப்பை மாற்றிக்கொள்கிற கூட்டத்தை அன்று காணோம் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஒவ்வொரு பைக்கும் அவரவர் டோக்கன் நம்பரைப் போட்டோம். நானும் கோகிலாவும் மூன்று கம்ப்யூட்டரில் மாறி மாறி ஓடி, எங்கள் பைகளை நாங்களே திருட முயன்று பார்த்தோம். முடியவில்லை. அந்தக் கடைதான் வளர்ந்து வெளியூருக்கும் விற்கத் தொடங்கியது. என்னை அங்கிருந்து இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். பிள்ளை இருக்கிறதா என்று கேட்கும் வரி அதன்பின் அந்தக் கடையில் இருக்கவே இல்லை. ஒரு படிவத்தில் ஏதாவது கேட்கும்போது, இது நமக்கு எதற்கு என்று நான் உங்களைத் துளைத்தெடுப்பது இதனால்தான்.

அன்று கடைசி ஆளும் பை வாங்கிப் போன பிறகு, ஹாலில் பொரி சிதறிக் கிடந்தது. கோகிலா மானிட்டர்களிலிருந்து மாலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முதலாளி என் மேஜைக்கு வந்தார். ஒட்டியிருந்த தாளை நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க மேரி, வேற ஆருக்கு வேணும்னாலும் உங்ககிட்டச் சொல்லோணுமாட்ட இருக்குது?"

"ஆமாங்கய்யா. உங்களுக்கு யாருக்கு வேணுங்கய்யா?"

"எங்க மருமகளுக்கு ஒரு ரூமு வேணுமாமா. அதயும் எழுதிக்குங்க."

கோகிலா மாலையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். என் கையில் பேனா இருந்தது, முன்னால் சீட்டு இருந்தது. தாள் ஒட்டியதிலிருந்து எல்லோரிடமும் கேட்ட கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது.

"சைஸ் என்ன போடட்டுங்கய்யா?"

அவர் மருமகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பெருசாவே போடுங்க."